சாமி தூங்கப் போற நேரம்

சாயங்காலம் ஐந்தரைக்குக் கடலூரில் ஆபீஸ் முடிகிறது. பஸ் பிடித்து, 40 கிலோமீட்டருக்கு மேல் பாதி தூரம் நின்றுகொண்டே வந்து, சிதம்பரத்தில் இறங்கும்போது மணி ஏழரை. வீட்டுக்குள் காலை வைத்ததும் மூத்தது கணக்கு நோட்டோடு வருகிறது. சின்னது, "அம்மா, தூக்கு" என்கிறது. அடுப்படியில் காலையில் போட்ட பாத்திரம் அப்படியே கிடக்கிறது. எட்டே முக்காலுக்கு ஒரு தம்ளர் பால் தரையில் கொட்டுகிறது. அவ்வளவுதான்! பகலெல்லாம் மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபம் மொத்தமும் அந்த ஐந்து வயசுக்காரன் முதுகில் இறங்குகிறது.

பதினோரு மணிக்கு, அழுது தூங்கிப்போன பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி: "நானெல்லாம் ஒரு அம்மாவா?"

இந்தக் கேள்வி உங்களுக்குப் புதுசா, என்ன? அப்பாக்களுக்கும் இது வரும். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

"தினம் சாயங்காலம் விளக்கேத்தி, குழந்தைகளை உட்கார வெச்சு சாமி கும்பிடுங்க. மனசு அமைதியாகும்" என்பார்கள் பெரியவர்கள். தப்பான யோசனை இல்லை. விளக்கு வைத்த நேரத்தில் யாரையும் திட்டக்கூடாது, அழக்கூடாது, சண்டை கூடாது என்று நம் பாட்டிகள் சட்டமே போட்டிருந்தார்கள். மீறினால் மகாலட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள். யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குக் களைப்பு, பிள்ளைகளுக்குப் பசி, இரண்டும் மோதிக்கொள்ளும் வேளை அது. அந்த வேளையில் ஒரு போர் நிறுத்தம்! பாட்டிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

ஆனால், விளக்கு வைக்கிற ஆறு மணிக்கு நீங்கள் பஸ்ஸில் நிற்கிறீர்கள். எட்டு மணிக்கு மேல் அவசர அவசரமாக விளக்கேற்றி, "கண்ணை மூடு, கையைக் கூப்பு, நேத்து சொல்லிக்கொடுத்த பாட்டைச் சொல்லு" என்று ஆரம்பித்தால், அது இன்னொரு ஹோம்வொர்க். பையன் இரண்டாவது வரியில் தடுமாறுகிறான். "சாமி கண்ணைக் குத்தும்!" என்கிறீர்கள். அமைதிக்காக ஏற்றிய விளக்கின் முன்னால் ஒரு குழந்தை பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு விளக்கே ஏற்றாமல் இருந்திருக்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கை கூப்புகிறதே தவிர, மனசு நாளைய டிபன் பாக்ஸில் நிற்கிறது. 'ஈடுபாடே இல்லாமல் கடமைக்குக் கும்பிடுகிறேனே, இது போலித்தனம் இல்லையா?' நியாயமான கேள்வி. இதற்குப் பதில் புத்தகத்தில் தேட வேண்டாம். ராத்திரி தில்லை நடராஜர் கோயிலுக்குப் போய் நின்றால் போதும்.

அங்கே தினமும் ஆறு கால பூஜை. கடைசி, அர்த்தஜாமம். ஊர் ஊராக இருக்கும் சிவன் கோயில்களின் கலைகள் எல்லாம் அந்த நேரத்தில் இங்கே வந்து ஒடுங்குகின்றன என்பது நம்பிக்கை. எல்லோரும் வீடு திரும்புகிற மாதிரி! பகலெல்லாம் ஆடுகிறவரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அம்பாள் இருக்கிறாள். பால் நைவேத்தியம், தீபாராதனை. பிறகு கதவைச் சாத்திவிடுகிறார்கள். இதே கோயிலுக்குள் கோவிந்தராஜப் பெருமாள் வேறு பள்ளிகொண்டிருக்கிறார். ஒருவர் ஆடிக்கொண்டே இருக்க, இன்னொருவர் படுத்துக்கொண்டே இருக்கிறார். (எங்க வீட்டுலயும் இதே கதைதான் என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது.)

பள்ளியறை பூஜையில் கல்யாண வரம், பிள்ளை வரம் வேண்டி நிற்பவர்கள் உண்டு. ஆனால், சடங்கின் பொருள் அதுவல்ல. இதுவரை நீ எங்களுக்குச் செய்தாய், இப்போது போய்ப் படு. இவ்வளவுதான் அதன் அர்த்தம். உலகத்தையே ஆட்டுவிக்கிறவருக்கும் ஒரு நாள் முடிந்தாக வேண்டும் என்று நம் ஆட்கள் நினைத்திருக்கிறார்களே, அதைவிடக் கனிவான நினைப்பு எனக்குத் தெரிந்து பக்தியில் இல்லை.

இன்னொன்று, முறைக்காரர் தீட்சிதருக்கு அன்றைக்குத் தலைவலி இருக்கலாம். பல்லக்கு தூக்குகிறவருக்கு வட்டிக் கவலை இருக்கலாம். அதற்காகப் பல்லக்கு நிற்கிறதா? 'இன்றைக்கு மனசு ஒட்டவில்லை' என்று யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்களா? ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கொடுத்த பாலும் பால்தான். அப்போது உங்கள் மனசில் அன்பு பொங்கியதா என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. மனசு தயாரானால்தான் செய்வேன் என்றால் களைத்துப்போனவர்கள் எதையுமே செய்ய முடியாது. மனசு வராத நாட்களுக்காகத்தான் பழக்கம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. அதைப் போலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை மிரட்டுவதற்கு சாமியைக் கூப்பிடுகிறோமே, அதுதான் போலித்தனம்.

ஆகவே, ஆறு மணி விளக்கு கிடைக்காதவர்கள் அர்த்தஜாமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சோறு. இந்த வரிசையை இதே மாவட்டத்து வள்ளலார் காட்டியிருக்கிறார். வடலூரில் தருமசாலை அடுப்பை அவர் மூட்டியது 1867ல். சத்திய ஞான சபை வந்தது 1872ல்தான். பசித்த வயிற்றை ஐந்து வருஷம் முன்னால் வைத்தவர் ஊரில், பசியோடு இருக்கிற பிள்ளையை ஸ்லோகத்துக்கு உட்கார வைப்பது அழகில்லை.

சாப்பிட்டு, பாய் விரித்த பிறகு பெரிய லைட்டை அணையுங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, ஒரு வாய் பால். தெரிந்த பாட்டு ஒன்று. அதை நீங்கள் பாடுங்கள், பிள்ளையைப் பாடச் சொல்லாதீர்கள். மார்க், ரேங்க், வேண்டுதல் எதுவும் அங்கே வேண்டாம். "சாமி, நீயும் தூங்கு, நாங்களும் தூங்குறோம்." பத்து நிமிஷம். அன்றைக்குக் கை நீட்டியிருந்தால், "அடிச்சது தப்புடா" என்று சொல்வதற்கும் அந்த இருட்டு வசதியானது. வெளிச்சத்தில் நமக்கு வாய் வருவதில்லை.

பரங்கிப்பேட்டையில் மஃரிப் தொழுகைக்கு அப்பாவோடு கிளம்புகிற பையனுக்கும், கடலூரில் குடும்ப ஜெபமாலைக்கு நடுவே அம்மா மடியில் சாய்ந்து தூங்கிவிடுகிற பெண்ணுக்கும் இது புதுசு இல்லை. தூங்கினதுக்காக அவளை எழுப்பி உட்கார வைக்காமல் இருந்தால் சரி.

சாமியே கும்பிடாத வீடா? விளக்கும் பாட்டும் பாலும் யாரையும் ஜாதகம் கேட்பதில்லை.

இதை யார் செய்வது என்று ஒரு பிரச்னை வரும். வழக்கம்போல அம்மா தலையில் கட்டிவிட்டு அப்பா நியூஸ் பார்த்தால், இதுவும் அவளுக்கு இன்னொரு வேலை. சிதம்பரத்தில் பாதுகை அம்பாள் இருக்கிற இடத்துக்குப் போகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலிலோ பள்ளியறை சுவாமி சன்னதிப் பக்கம் இருக்கிறது. அங்கே தினமும் அம்பாள்தான் கிளம்பி வருகிறாள். ரெண்டு ஊர், ரெண்டு வழக்கம். உங்கள் வீட்டில் எது என்று இன்றைக்கு ராத்திரியே பேசிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தூங்கின பிறகு, மெதுவான குரலில்.