மாண்டவரின் அச்சம்

தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒருவன் பிறன் உயிரைப் போக்க நேர்ந்தால் அவனைக் கொலைகாரன் என்று சொல்லலாமா? கூடாது என்றே நாம் அறிந்த சட்டங்கள் யாவும் கூறுகின்றன. அதில் நமக்கும் ஆட்சேபமில்லை. கழுத்தில் கத்தி வைக்கப்பட்டவனிடம் பொறுமையை உபதேசிக்க எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் 'என் உயிருக்கு அஞ்சினேன், ஆகவே சுட்டேன்' என்ற ஒரு வாசகம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவில் ஐந்தே நாள் இடைவெளியில் வெளியான இரண்டு தீர்ப்புகள் இச்சிக்கலை உலகத்தின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தின.

விஸ்கான்சின் மாநிலத்தில் கினோஷா என்றொரு நகரம். 2020 ஆகஸ்டு 23-ஆம் தேதி அங்கே ஜேக்கப் பிளேக் என்னும் கறுப்பரைப் போலீஸ்காரர் ஒருவர் முதுகுப்புறமாகப் பலமுறை சுட்டார். அவர் உயிர் பிழைத்தாலும் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். ஊர் கொந்தளித்தது, கடைகள் எரிந்தன. 25-ஆம் தேதி இரவு, ஊரடங்கு அமுலிலிருந்த வேளையில், அண்டை மாநிலமான இல்லினாயில் வசித்த கைல் ரிட்டன்ஹவுஸ் என்ற 17 வயதுப் பையன், ராணுவப் பாணித் துப்பாக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு அந்நகரத் தெருவில் நின்றான். பிறர் சொத்தைக் காக்கவும் காயமுற்றோருக்கு உதவவும் வந்ததாகச் சொன்னான். அன்றிரவே ஜோசப் ரோசன்பாம், அந்தோணி ஹூபர் ஆகிய இருவர் அவன் குண்டுக்கு இரையானார்கள். மூன்றாமவர் ஒருவர் கையில் படுகாயமடைந்தார். சுட்டவனும் சுடப்பட்ட மூவரும் வெள்ளையரே. கறுப்பர் இருவர் மாண்டதாக எண்ணிக்கொண்டு வாதாடியவர்களும் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

விசாரணையில் வெளியானவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ரோசன்பாம் கையில் ஆயுதமில்லை. எனினும் அவர்தாம் பையனைத் துரத்திச் சென்றார். ஹூபர் ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகையால் அவனை அடித்தார். மூன்றாமவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. தாம் சுடப்பட்ட கணத்தில் அது பையனை நோக்கியிருந்ததை அவரே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். அந்த மாநிலச் சட்டப்படி, தற்காப்பு என்ற வாதம் எழுந்துவிட்டால் அது பொய்யென்பதைச் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பைச் சேர்ந்தது. ஜூரிகள் பன்னிருவரும் நான்காம் நாள் ஒரே முடிவுக்கு வந்து, எஞ்சிய குற்றச்சாட்டுகள் எல்லாவற்றிலிருந்தும் அவனை விடுவித்தனர். 'பணத்துக்கு விலைபோன தீர்ப்பு' என்று கூவியவர்களோடு நாம் சேரமாட்டோம். ஐயம் எழுந்தால் அதன் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே என்ற விதியை நமக்குப் பிடித்த மனிதருக்கு மட்டும் பொருத்துவோமானால் அது விதியாகாது.

எனினும் மனம் அமைதி கொள்ளவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தோம்.

முதல் இருவரையும் மூன்றாமவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில் ஒரு பிழை இருக்கிறது. ரோசன்பாம் வீழ்ந்தபின் தெருவிலிருந்தோர் கண்டது என்ன? துப்பாக்கியோடு ஒருவன் ஓடுகிறான். பின்னால் ஒருவர் குண்டடிபட்டுக் கிடக்கிறார். 'இவன் இன்னும் சுடுவான், தடுக்கவேண்டும்' என்று ஹூபர் எண்ணியிருந்தால் அந்த எண்ணம் அறிவுக்குப் பொருந்தாததா? அவர் ஆயுதத்தைப் பறிக்கப் பாய்ந்தார் என்கிறார்கள் ஒரு சாரார். கொல்லப் பாய்ந்தார் என்கிறார்கள் மறு சாரார். அவர் மனத்திலிருந்ததை அவரைத் தவிர வேறு யார் சொல்லமுடியும்? ரிட்டன்ஹவுஸ் கூண்டிலேறித் தன் அச்சத்தை அழுதழுது விவரித்தான். ஹூபரின் அச்சத்தை விவரிக்க எவருமில்லை. ஒருகால் அவர் துப்பாக்கியைப் பறித்து அவனையே சுட்டிருந்தால், அதே கூண்டில் நின்று அதே வாசகத்தைச் சொல்லியிருப்பார். அதுவும் நம்பத்தக்கதாகவே இருந்திருக்கும். இரண்டு தற்காப்புகள் எதிரெதிரே மோதும்போது எஞ்சி நிற்பவனின் தற்காப்பு ஒன்றே நியாயஸ்தலத்துக்கு வந்து சேருகிறது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. மாண்டவர்களை 'பாதிக்கப்பட்டோர்' என்று அரசுத் தரப்பார் அழைக்கலாகாது என்று நீதிபதி தடுத்தார். அது தீர்ப்பை முன்கூட்டியே சொல்வதாகும் என்பது அவர் கருத்து. சரி, அதில் ஒரு நியாயமுண்டு. ஆனால் சாட்சியம் இடங்கொடுத்தால் அவர்களைக் கலகக்காரர், கொள்ளையர், தீ வைத்தோர் என்று எதிர்த்தரப்பார் அழைக்கத் தடையில்லை என்றும் சொன்னார். பேச முடியாதவனுக்கு ஒரு பெயரை மறுத்து, இன்னொரு பெயரை ஆயத்தமாக வைத்திருப்பது நமக்கு உறுத்துகிறது.

இரண்டாவது வழக்கு ஜியார்ஜியா மாநிலத்தது. 2020 பிப்ரவரி 23-ஆம் தேதி, பிரன்ஸ்விக் நகரருகே அகமது ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். தந்தையும் மகனும் ஒரு வண்டியிலும், அண்டை வீட்டார் ஒருவர் மற்றொரு வண்டியிலுமாக அவரை விரட்டி மடக்கினர். மகன் துப்பாக்கியோடு இறங்கினான், ஆர்பெரி அதைப் பற்றிப் போராடினார், சுடப்பட்டு இறந்தார். 'அவர் என் துப்பாக்கியைப் பிடித்தார், உயிருக்கு அஞ்சிச் சுட்டேன்' என்பதே அங்கும் வாதம். இரண்டு மாதத்துக்கு மேல் எவரும் கைதாகவில்லை. அண்டை வீட்டார் எடுத்த படம் மே மாதத்தில் வெளியான பிறகே சட்டம் கண் விழித்தது. நவம்பர் 24-ஆம் தேதி மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அந்த ஜூரியில் பதினொருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர்.

இங்கே ஜூரிகள் கடைசி விநாடிகளோடு நின்றுவிடாமல், விரட்டிய நிமிடங்களையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த அச்சத்தை விதைத்தவர் யார் என்று பார்த்தார்கள். கினோஷாவிலும் இக்கேள்வியை அரசுத் தரப்பார் எழுப்பாமலில்லை. பையன்தான் முதலில் துப்பாக்கியை நீட்டிச் சினமூட்டினான் என்றார்கள். ஆனால் அதற்கு அவர்கள் காட்டிய படம் தெளிவில்லாதது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தண்டனைச் சட்டம் தற்காப்பு உரிமையை அங்கீகரிக்கிறது. எனினும் அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசமிருக்கும்போது அவ்வுரிமை இல்லை என்று அதே சட்டம் எல்லை போடுகிறது. தற்காப்பை நிரூபிக்கும் பாரமும் அங்கே அதைக் கோருபவன் தலையிலேயே விழுகிறது. அந்தப் பாரம் கினோஷா வழக்கில் என்ன செய்திருக்கும் என்று ஊகிப்பது வீண். துப்பாக்கி நமக்குத் தூரத்து விவகாரம் என்று சிலர் எண்ணலாம். பாராங் கத்தி அவ்வளவு தூரத்திலில்லை. இரவில் கூட்டமாகத் திருடனைப் பிடிக்கப் புறப்படுவோர் கையிலும் தடி இருக்கத்தான் செய்கிறது.

நம்மை அதிகம் வருத்தியது விடுதலையன்று, விடுதலைக்குப் பின் நடந்த கொண்டாட்டம். அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் சிலர் அப்பையனுக்குத் தம் காரியாலயத்தில் பயிற்சி வேலை தருவதாகப் போட்டியிட்டு அறிவித்தனர். அப்போது முன்னாள் ஜனாதிபதியாயிருந்த டிரம்ப் அவனை வரவேற்றுப் படமெடுத்துக்கொண்டார். 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்ற சொல்லை 'செய்தது சிறப்பு' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்த இரவுக்கு முன் அவன் வீட்டிலேயே இருந்திருந்தால் இருவர் இன்று உயிரோடிருப்பார்கள். அவனும் எவருக்கும் அஞ்சவேண்டி வந்திராது. அவன் நண்பர்கள், அவன் வயதுக்கு விற்கக்கூடாத துப்பாக்கியை அவனுக்காக வாங்கிக்கொடுத்தவர், அத்தெருவில் ஆயுதம் தாங்கி நின்றவர்களுக்கு நன்றி சொல்லித் தண்ணீர் கொடுத்த போலீஸார், இவர்களில் ஒருவராவது 'தம்பி, வீட்டுக்குப் போ' என்று சொல்லியிருக்கலாம்.

ஹூபரின் தந்தை அந்தப் போலீஸார் மீதும் ரிட்டன்ஹவுஸ் மீதும் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். அது விசாரிக்கத்தக்கதே என்று 2023 பிப்ரவரியில் மத்திய நியாயஸ்தலம் ஒன்று அனுமதி வழங்கியது. மகன் சொல்ல முடியாமல் போனதைத் தகப்பனார் சொல்லப் புறப்பட்டிருக்கிறார்.