பள்ளிக்கூடத்தாருக்கு நாம் கொடுத்த வாக்கு



நம்மவர்கள் பேச்சில் பள்ளி என்றால் பள்ளிவாசல். பிள்ளைகள் எழுதப் படிக்கப் போகிற இடம் பள்ளிக்கூடம். பெயரில் இவ்வளவு நெருக்கம் இருந்தும், மரியாதையில் இரண்டுக்கும் வெகுதூரம் வைத்துவிட்டோம். பள்ளிவாசலின் ஒழுங்கு ஒன்றை மீறினால் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறோம். பள்ளிக்கூடத்தின் ஒழுங்கை மீறினால், அது வாத்தியாருக்கும் நமக்கும் உள்ள விவகாரம், மார்க்கத்திற்கு அதில் என்ன வேலை என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்போம்.

ஐந்து வயதுப் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறோம். இத்தனை மணிக்கு வருவான், இன்ன உடை உடுத்துவான், வராத நாளில் காரணம் எழுதி அனுப்புவோம் என்று ஒவ்வொன்றையும் வாயால் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓர் இடத்து வழக்கம் இன்னதென்று தெரிந்தே அதில் நுழைகிறவன், அந்த வழக்கத்தை நிபந்தனையாக ஏற்றுக்கொண்டவனைப் போன்றவனே என்பது ஃபிக்ஹு கலையின் அறிஞர்கள் வகுத்த விதி. ஆகவே நாம் போட்ட கையெழுத்து ஒரு வாக்குறுதி. வாக்கை நிறைவேற்றும்படி பனீ இஸ்ராயீல் சூராவின் 34-ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா ஏவுகிறான். அதைப் பற்றி விசாரணை உண்டு என்றும் எச்சரிக்கிறான். வாக்குப் பெற்றவர் முஸ்லிமா, மாற்று மதத்தவரா என்று அந்த வசனம் பிரித்துப் பேசவில்லை.

எத்தனையோ வீடுகளில் நடப்பதைச் சொல்கிறோம். வியாழக்கிழமை வெளியூரில் நிக்காஹ். புதன்கிழமையே குடும்பத்தோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். வலீமா விருந்து முடிந்து, மாமி வீடு, சாச்சா வீடு எல்லாம் பார்த்து, ஞாயிறு இரவு வந்து சேருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் வாப்பா ஒரு தாளை எடுத்து, மகனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டபடியால் புதன் முதல் மூன்று நாள் விடுப்பு அளிக்கும்படி பணிவன்புடன் வேண்டுகிறார். மகனையே எழுதச் சொல்லி, கீழே கையெழுத்து மட்டும் போடுகிறவர்களும் உண்டு. ஓர் ஆசிரியை நம்மிடம் சொன்னார்: காய்ச்சல் என்று கடிதம் கொண்டுவந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியின் இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி சிவந்திருந்ததாம். "காய்ச்சல் விட்டதாம்மா?" என்று கேட்டதும் குழந்தை கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டதாம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்ததை அபூதாவூதில் காண்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டில் அமர்ந்திருக்கிறார்கள். தாயார், இங்கே வா, ஒன்று தருகிறேன் என்று மகனைக் கூப்பிடுகிறார்கள். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்று தாயார் சொல்ல, எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் கணக்கில் ஒரு பொய் பதிவாகியிருக்கும் என்று நபியவர்கள் கூறினார்கள். குழந்தையிடம் வாயால் சொன்ன ஒரு பேரீச்சம்பழத்திற்கே இந்தக் கணக்கு. குழந்தையின் கையாலேயே எழுதி வாங்கி, நாம் கையெழுத்திட்டு, தலைமையாசிரியரின் மேசைக்கு அனுப்பும் காய்ச்சலுக்கு என்ன கணக்கு? ஸுப்ஹுக்குப் பின் மதரஸாவில் உஸ்தாத் பொய் ஹராம் என்று பாடம் சொல்லிக்கொடுக்கிறார். ஒன்பது மணிக்கு அதே பிள்ளை வாப்பாவின் பொய்யைச் சுமந்துகொண்டு போகிறது. இரண்டில் எந்தப் பாடம் அதன் மனத்தில் நிற்கும்?

கல்யாணத்திற்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உறவைச் சேர்த்து நடப்பது மார்க்கக் கடமை. நெருங்கிய உறவில் நிக்காஹ், ஆகையால் வியாழன் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று முன்கூட்டியே உள்ளதை எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையாகவே காய்ச்சலோ அம்மையோ கண்டால் பிள்ளையை அனுப்பவே அனுப்பாதீர்கள். நோயுற்ற ஒட்டகத்தை நல்ல ஒட்டகங்களோடு கொண்டுவந்து விடக்கூடாது என்று தடுத்த நபியின் உம்மத் நாம்.

ஒரு நாள் போனால் என்ன என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 வேலை நாட்கள் வேண்டும் என்கிறது. பத்து மாதத்தில் மாதத்திற்கு இரண்டு நாள் நின்றால் இருபது நாள். பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதுவும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கிற வயதில். குர்ஆன் ஓதுவதில் மத்தும் ஷத்தும் சொல்லித்தந்த நாளில் வராத பிள்ளை பிறகு எப்படித் திணறுகிறது என்பதை உஸ்தாதுமார்களைக் கேட்டுப் பாருங்கள். கழித்தல் கணக்கிலும் அதே கதைதான்.

தாமதமாகப் போவதற்கு வேர் முந்தின இரவில் இருக்கிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. இன்று நம் வீடுகளில் இஷாவுக்குப் பின்தான் செல்போன் விழிக்கிறது. வாப்பா கையில் ஒன்று, உம்மா கையில் ஒன்று, பதினொரு மணிவரை பிள்ளை நடுவில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறது. காலையில் அந்தப் பிள்ளையை அடித்து எழுப்புவது என்ன நீதி? இரவே பையில் புத்தகங்களை அடுக்கி, சீருடையை மடித்து வைத்து, தண்ணீர்ப் புட்டியைக் கழுவி வைத்தால் காலைக் கூச்சலில் பாதி குறைந்துவிடும். நகம் வெட்டுவதை ஜும்ஆவுக்கு முன் வழக்கமாக்கிக்கொண்டால் ஒரே வேலையில் சுன்னத்தும் நிறைவேறும், பள்ளிக்கூடத்து விதியும் நிறைவேறும்.

சாப்பாடு விஷயத்தில் சில வீட்டாருக்கு ஒரு வீம்பு இருக்கிறது. நம் பிள்ளை அரசாங்கச் சோறு தின்பதா என்று. 1956-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவான சத்துணவு எத்தனை இலட்சம் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது! சோறும் சாம்பாரும் முட்டையும். ஹலால், ஹராம் சந்தேகத்திற்கு இதில் இடமில்லை. 2022 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்திருக்கிறது. பிள்ளை விரும்பினால் சாப்பிடட்டும். எல்லாரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலுள்ளதை எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவருக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது.

நோன்பு மாதத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஸஹருக்கு எழுந்து அடம் பிடிக்கும். ஸஹாபாக்கள் ஆஷூரா நோன்பில் தம் சிறுவர்களைப் பழக்கினார்கள். பசியால் அழுதால் கம்பளிப் பொம்மை கொடுத்து ஆறுதல் செய்தார்கள். பழக்கம் வேறு, கடமை வேறு. விடுமுறை நாளில் பழக்குங்கள். வகுப்புள்ள நாளில் நோன்பு வைத்தால் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டு, விளையாட்டு நேரத்தில் வெயிலில் பிள்ளை மயங்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது?

ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்ததற்கு மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது. அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டுகள் நபியவர்களிடம் பணி செய்தும் 'சீ' என்ற ஒரு சொல் கேட்கவில்லை. மேற்சொன்ன சட்டத்தின் 17-ஆம் பிரிவும் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. அடி விழுந்தால் தெருவில் நின்று சப்தம் போடாமல் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். அதற்கென்றே பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் மக்கள் அதிகமாக வாழும் ஊர்களில்கூட அந்தக் கூட்டத்தில் நம் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் உம்மா போகலாம். பர்தா அதற்குத் தடையல்ல. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்பதைக் கேட்கத் தாயைவிடப் பொருத்தமானவர் யார்?

விளையாட்டு நாள், ஓவியப் போட்டி, ஒப்புவித்தல் என்று வரும்போது பெண் பிள்ளைகளை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்கிற வழக்கத்தையும் நாம் ஏற்கவில்லை. நபியவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். கண்ணியக் குறைவான ஆட்டபாட்டம் இருந்தால் அதைமட்டும் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் நாம் கண்டது.

இனி ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் மதரஸா உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பலர் காலை மதரஸாவிலிருந்து நேராக ஓடித்தான் பள்ளிக்கூடம் சேருகிறார்கள். பாடம் எட்டரை வரை நீண்டால், வீட்டில் உடை மாற்றி ஓடுவதற்குள் அங்கே காலை உணவு முடிந்துவிடுகிறது. முதல் மணியும் அடித்துவிடுகிறது. வெறும் வயிற்றோடு வாசலில் நிற்கிற பிள்ளை காரணம் கேட்டால், மதரஸா என்கிறது. ஓதப் போனதால் தண்டனை என்று ஒரு குழந்தையின் மனத்தில் பதிய நாம் காரணமாகலாமா? ஸுப்ஹு முடிந்ததும் தொடங்கி, ஏழே முக்காலுக்குக் கிதாபை மூடிவிடுங்கள். மீதியை மக்ரிபுக்குப் பின் அரைமணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வரும் ஷவ்வாலில் மதரஸா திறக்கும்போது, பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் மணி அடிக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி நம் நேர அட்டவணையை எழுதி மதரஸா வாசலில் ஒட்டுங்கள்.