படியாத கதைகளும் பாராத படங்களும்

ஒருவன் தான் விரும்பி விலைகொடுத்து வாங்கிய பொருளுக்கே கடன்பட்டவனாதல் கூடுமோ? கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் சில மாதங்களாக என் மனத்தை அரித்துவருவது இக்கேள்வியே. என் வீட்டின் பின்னறையில் தகரப் பெட்டிகள் இரண்டும் அலமாரி ஒன்றும் இருக்கின்றன. பெட்டிகளில் 216 சித்திரக்கதைப் புத்தகங்கள். அலமாரியில் வீடியோ நாடாவும் குறுந்தட்டுமாக 73 திரைப்படங்கள். அவற்றுள் முக்காற்பங்கு நான் படியாதவை, பாராதவை.

புத்தகங்கள் என் தமையனார் சேர்த்தவை. அவர் தோட்டத்திற் பால்மரம் வெட்டியவர். சிவகாசியில் 1972-ஆம் ஆண்டு தோன்றிய முத்து காமிக்ஸையும், 1984-ஆம் ஆண்டு தோன்றிய லயன் காமிக்ஸையும், தமிழகம் சென்று மீள்வோரிடம் சொல்லிவைத்துத் தருவிப்பார். தாம் படித்து முடித்ததும், "படிச்சிட்டுச் சொல்லு தம்பி" என்று என்னிடம் கொடுத்தனுப்புவார். நானோ பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவன். படம்போட்ட கதை பிள்ளைகளுக்குரியது என்னும் இளக்காரம் உள்ளவன். "ஆகட்டும், அப்புறம்" என்று பெட்டியிலிட்டுப் பூட்டுவேன். திரைப்படங்களோ நான் வாங்கியவை. அண்ணன் வரும்போது இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்றே வாங்கினேன். அவர் வந்தபோதெல்லாம் எனக்கு ஏதேனும் ஒரு வேலை இருந்தது. அவர் காலமாகி ஈராண்டுகள் ஆகின்றன.

நிற்க. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், இக்கடனைத் தீர்த்தே விடுவதென்று உறுதி பூண்டேன். நாளொன்றுக்கு 3 புத்தகம், வாரத்திற்கு 2 படம் என்று விதித்துக்கொண்டு, முடித்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். மூன்று வாரத்தில் 60 புத்தகங்கள் தீர்ந்தன. அவற்றுள் நினைவில் நின்ற கதைகள் எத்தனை என்று கேட்பீராயின், நான் தலைகுனிய வேண்டியதே. முத்து காமிக்ஸின் முதல் வெளியீடான இரும்புக்கை மாயாவியை நேயர்களிற் பலர் அறிவர். ஆங்கிலத்தில் 1962-ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் அது. மின்சாரம் தாக்கியவுடன் அவன் உடல் முழுதும் மறைந்துபோகும். இரும்புக் கைமட்டும் கண்ணுக்குத் தெரியும். என் கதியும் அதுவாயிற்று. அறிவும் மனமும் எங்கோ மறைந்துபோக, பக்கம் புரட்டும் கையொன்றே அங்கிருந்தது. மரத்தையும் பாராமல், மனிதனையும் பாராமல், வாளியிலுள்ள பாலைமட்டும் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியை இளமையில் எவ்வளவு ஏசியிருப்பேன்!

"வேண்டாத குப்பையை ஏன் கட்டி அழவேண்டும்? தூக்கி எறிக" என்பார் சிலர். அவர்களுக்குத் துணையாக ரோமாபுரியின் ஞானி செனக்காவே வந்து நிற்கிறார். ஆயுள் முழுதும் முயன்றாலும் தலைப்புகளைக்கூடப் படித்து முடிக்கவியலாத அளவு நூல்களைக் குவித்துவைப்பதால் யாது பயன் என்று சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கடிந்துரைத்தார். அவர் கடிந்தது சுவரை அலங்கரிக்க நூல் வாங்கிய செல்வரை. ஆட்செலவு போக மிச்சம்பிடித்த சில வெள்ளியில் புத்தகம் வாங்கும் தொழிலாளியை அக்கணக்கிற் சேர்த்தல் நியாயமாகாது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுபவனுக்குப் படிக்கப் பொழுதேது? புத்தகத்தோடு அவன் வாங்குவது, என்றேனும் ஒருநாள் தனக்கும் ஓய்வு வரும் என்னும் நம்பிக்கையையே. அதைப் பேராசை என்று சொல்ல என் நா எழவில்லை.

ஆனால் நம்பிக்கைக்காகக் காலம் காத்திருப்பதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு வெளிவந்தது. மக்கள் திரண்டு பார்த்த அப்படத்தின் சுருள் இன்று கிடைப்பதில்லை. 1944-ஆம் ஆண்டு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அக்காலத்தார்க்குப் படங்கள் அருமை. பார்த்ததையே மீண்டும் பார்த்தார்கள். எனக்கு வாங்குவது எளிதாயிற்று. ஆகையால் பார்ப்பது என்றைக்கும் நாளையாயிற்று. இப்போது நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாக்கள் பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் இயந்திரத்தை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபூனாயும் 2016-ஆம் ஆண்டு ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது.

அறுபத்தோராவது புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு பக்கத்தின் மூலையில் கறுப்பாக ஒரு கறை தென்பட்டது. ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்த விரற்கறை. அண்ணனுடைய கட்டைவிரல். வெட்டு முடிந்து, கையைச் சரியாகக் கழுவவும் பொறாமல் படித்திருக்கிறார். முன்பு தீர்த்துவிட்டதாக எழுதிய 60 புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். பலவற்றில் அக்கறை இருந்தது. சிலவற்றில் பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. இவை யாவும் என் கண்முன்னே கடந்து சென்றவை. எண்ணிக்கையிற் கருத்தாயிருந்த நான் ஒன்றையும் காணவில்லை.

அப்போதுதான் ஐயம் தெளிந்தது. நான் பட்ட கடன் புத்தகத்துக்கன்று. "படிச்சிட்டுச் சொல்லு" என்றவருக்குச் சொல்லாமல் விட்ட கடன் அது. அதைக் குறிப்பேட்டால் எங்ஙனம் அடைப்பது? கேட்க வேண்டிய செவி இல்லையே! ஏட்டை மூடி வைத்தேன். இப்போது நாளுக்கு 3 என்னும் விதி இல்லை; ஒரு புத்தகம் ஒரு வாரமும் ஆகிறது. அவர் மூலை மடித்த பக்கங்களில் என்ன கண்டார் என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலவிடத்துப் புலப்படுகிறது, பலவிடத்துப் புலப்படவில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் அண்ணனின் பேரன் வந்திருந்தான். பெட்டிகளைக் கண்டதும், "இதெல்லாம் நீங்க படிச்சீங்களா, சின்னத் தாத்தா?" என்று கேட்டான். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு பெட்டியை அவனோடு அனுப்பிவிட்டேன். அதில் நான் படியாதவை 34. படித்ததும் வந்து கதை சொல்வதாகக் கூறியிருக்கிறான். அடுத்த விடுமுறையில் வருவான்; அந்த வாரத்துக்கு வேறு வேலை எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.