விளக்கை எடுத்த பிறகு

ரோமாபுரியின் செனகாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரவில் விளக்கை எடுத்துப் போனதும், வழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்வார். அன்றைய பொழுதைச் செனகா தனக்குள் விசாரிப்பார். எந்த வாக்குவாதத்தில் வரம்பு மீறினோம், யாரைத் தேவைக்கு மேல் கடிந்துகொண்டோம்? கோபத்தைப் பற்றிய தன் நூலில் அவரே இதைச் சொல்கிறார்.

பேரரசர் நீரோவுக்குப் பாடம் சொன்னவர். கி.பி. 65-இல் அதே நீரோவின் உத்தரவால் உயிர்விட்டவர். எளிமையைப் போற்றி எழுதிய மனிதர் அவ்வளவு சொத்து சேர்த்தது எனக்கு இன்னும் உறுத்தல்தான். ஆனாலும் அந்த ராத்திரிக் கணக்கு பிடித்துப்போனது. கல்லாவை எண்ணாமல் ஒருநாளும் ஷட்டரை இறக்காத மளிகைக்கடைக்காரரின் பிள்ளை நான்.

ஒரு நோட்டு வாங்கினேன். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் வெட்கமாக இருந்தது. ஓர் அலுவலகக் கவுன்ட்டரில் என்னை அலையவிட்டார்கள். போகும்போதெல்லாம் கத்திவிட்டு வந்திருக்கிறேன். தேதிதான் வேறு, தப்பு ஒன்றே. மனவலிமை வருகிறதாக்கும்!

நோட்டைத் தூக்கிப் போடாமல் தடுத்தவர் மார்கஸ் அரேலியஸ். 161 முதல் 180 வரை ரோமப் பேரரசர். டான்யூப் கரைப் போர் முகாம்களில், கொள்ளைநோயும் பரவிய காலத்தில், தனக்கென்று கிரேக்க மொழியில் குறிப்பு எழுதியவர். முதன்முறை படித்தபோது அலுப்பாக இருந்தது. கோபப்படாதே, புகழ் நிற்காது, சாவு பக்கத்தில்தான் என்று சொன்னதையே சொல்கிறார். ஐந்தாம் பகுதி தொடங்குவதே படுக்கையை விட்டு எழத் தன்னைக் கெஞ்சுவதில்! பிறகுதான் உறைத்தது: கோபத்தை வென்றுவிட்டவன் அதை இத்தனை முறை எழுதுவானா? ராஜாவுக்கும் நேற்றைய பாடம் இன்று மறந்திருக்கிறது.

இவர்கள் பின்பற்றிய ஸ்டோயிக் தத்துவம் என்றாலே கல்லாகிவிடுவது என்று நினைக்கிறோம். மார்கஸ் மதித்துப் படித்த எபிக்டெட்டஸ், அடிமையாக வாழ்ந்து, கால் ஊனமானவர். நம் வசம் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். உடம்பும் உடைமையும் பேரும் வெளியே; நம் தீர்ப்பு உள்ளே. அலையவிட்டவர்கள் செய்தது நியாயம் என்று இதற்குப் பொருளில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதலாம், எழுதினேன். என் குரல் மட்டும் என் கணக்கு.

நேற்றும் அந்தக் கவுன்ட்டருக்குப் போனேன். கத்தவில்லை. படிவத்தை மேஜைமேல் விசிறிவிட்டு வந்தேன். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.