தூதர் பிரசங்கம் செய்யவில்லை



இன்று பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு. முதல் வாசகத்தில் எலியா சூரைச்செடிக்கு அடியில் உட்கார்ந்து சாவு கேட்கிறார். வீட்டுக்குப் போனதும் இதற்கு முந்திய அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று, வானத்திலிருந்து நெருப்பை இறங்கச் செய்தவர் இவர்தான். அவருக்கா விசுவாசம் குறைந்துபோயிற்று? அரசி ஈசபேல் கொல்லப்போகிறாள் என்று ஒரு சேதி வந்தது. ஓடினார். சோறில்லை, தூக்கமில்லை, பேச்சுக்கு ஆளில்லை. மனம் உடைந்துவிட்டது. மனம் உடைந்தவர்களைப் பார்த்து “ஜெபம் பத்தல” என்று சொல்பவர்கள் எலியாவிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த வாசகத்தை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரை மனத்தில் வைத்துத் தியானிக்க விரும்புகிறேன். ஏப்ரல் 2ஆம் தேதி உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். அன்று எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். பெற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

2021இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டாயிரம் பேர் உள்ள பங்கு என்றால் பதினைந்து பேராவது இருக்க வேண்டும். எத்தனை பேரை நாம் பூசையில் பார்க்கிறோம்? வருகிறவர்களிலும் பலர் கோயிலுக்குள் வருவதில்லை, வராந்தாவில் நிற்கிறார்கள். எழுந்தேற்றத்தில் மணி அடித்ததும் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவான். உடனே முன்வரிசையிலிருந்து நாலு தலை திரும்பும். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, செருப்பு கிடக்கிற இடத்துக்குப் போய்விடுவார். நற்கருணைக்கு வரிசை நகரும்போது அவர் வரமாட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்கே வரமாட்டார். திருவிழாவுக்கு வாணவேடிக்கையும் பாண்டு வாத்தியமும் வைக்கும் நாம், அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த அம்மா ராத்திரி தூங்கியிருக்கவும் மாட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தூக்கம் சரியாக வராது. பையன் நடுச்சாமம் இரண்டு மணிக்கு எழுந்து ஃபேன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பான். அவன் கதவைத் திறந்து தெருவுக்குப் போய்விடக் கூடாதே என்று யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். விடிந்தால் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, அதற்கு இரண்டு பஸ். இதற்காக வேலையை விட்டவர் பெரும்பாலும் அம்மாதான். அப்பா பணம் கட்ட ஓடுகிறார், வாயைத் திறப்பதில்லை. சிலர் வீட்டுக்கு வரும் வழியில் டாஸ்மாக்கில் நின்றுவிடுகிறார்கள். பெற்றோரின் மனநலம் என்று தனியாக ஒன்று இருப்பதாகவே அந்த வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வளர்ந்த ஆட்டிசம் பிள்ளைகளின் தாய்மாருடைய உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். உடம்பு நெருக்கடியைச் சமாளிக்கச் சுரக்கும் ஹார்மோன் அது. வருடக்கணக்காக விழிப்பாகவே இருந்து இருந்து, அந்தச் சுரப்பு தேய்ந்துபோயிருந்தது. போர்முனையில் இருந்த சிப்பாய்களிடம் காண்கிற மாதிரி என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அப்படியானால், “இவ ஏன் எப்பவும் சிடுசிடுன்னு இருக்கா?” என்று அன்பியத்தில் கேட்கிறோமே, அதற்கு அவருடைய உடம்பே பதில் சொல்லிவிட்டது.

இந்தக் களைப்போடு பழியையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டதும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் செய்த பாவம் இது என்பதுதான், இவரா, பெற்றோரா? இருவருமே இல்லை என்று இயேசு அன்றைக்கே முடித்துவைத்தார். நாம்தான் முடிக்கவில்லை. “கர்ப்பமா இருக்கும்போது என்ன பண்ணினே?”, “போனைக் கையில குடுத்துட்டே”, “அவங்க குடும்பத்துல ஏதோ சாபம்” என்கிறோம். படித்தவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அந்தக் கருத்தைக் காரண காரியத்தோடு மறுத்திருந்தார். ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். தன் மனைவி எப்படிப்பட்ட தாய் என்பது அவருக்குத் தெரியும். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தைச் சேர்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி.

இன்னொன்றையும் பங்குச் சாமியாராகக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பேசாத பிள்ளையைப் பேய் பிடித்த பிள்ளை என்று ஜெபக் கூட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சத்தத்திலும் வெளிச்சத்திலும் பிள்ளை துடிக்கும். அதைப் பார்த்து “பேய் வெளியே வருது” என்பார்கள். வேளாங்கண்ணிக்குப் போங்கள், மாதாவிடம் அழுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நேர்ச்சை நிறைவேறவில்லையே, என் விசுவாசம்தான் போதாதோ என்று அந்தத் தாய் தன்னையே அடித்துக்கொள்ளும்படி யாரும் பேசாதீர்கள்.

“கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கார்” என்று ஆறுதல் சொல்வதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். “தாங்க முடியாத சிலுவைய அவர் குடுக்கமாட்டார்” என்பதையும். பிள்ளை சிலுவை இல்லை. அந்தப் பிள்ளைகள் இங்கேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசுகிறோம்.

சரி, சூரைச்செடிக்குப் போவோம். வானதூதர் வந்தார். எலியாவின் பேச்சைக் கண்டிக்கவில்லை, கர்மேலை நினைவுபடுத்தவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பம், குவளையில் தண்ணீர். எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் அவரைத் தூங்க விடுகிறார். பிறகுதான் இரண்டாம் முறை எழுப்புகிறார், மறுபடி சாப்பாட்டுக்கு. போக வேண்டிய தூரம் உன் சக்திக்கு மீறியது என்பதைத் தூதரே ஒத்துக்கொள்கிறார். “உன்னால முடியும்” என்று அவர் சொல்லவே இல்லை, பார்த்தீர்களா?

இன்னொரு விவரம் இன்றைய வாசகத்துக்கு முந்திய வரியில் இருக்கிறது. எலியா தன் பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்குத் தனியாகப் போனார். ஓரேபு மலையில், நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று ஆண்டவரிடம் முறையிட்டார். அதற்கு ஆண்டவர் செய்தவற்றில் ஒன்று, எலிசாவைத் துணையாகக் கொடுத்தது. மோசேக்கும் இதே கதைதான். இந்த மக்களையெல்லாம் நானா பெற்றேன், கைக்குழந்தையைப் போலச் சுமக்க, என்னைக் கொன்றுவிடும் என்று அவர் கத்தியபோது, ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. எழுபது மூப்பரைக் கூட்டிவரச் சொன்னார், பாரத்தைப் பங்கிட.

2014 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சந்தித்தபோது கேட்டுக்கொண்டதும் இந்தத் தனிமையை உடைக்கத்தான்.

அந்தப் பெற்றோரிடம் சில வார்த்தை. தூக்க மாத்திரையோ மன அழுத்தத்துக்கான மாத்திரையோ டாக்டர் எழுதிக் கொடுத்தால் போட்டுக்கொள்வது பாவம் இல்லை, சர்க்கரைக்குப் போடுகிறோமே. பிள்ளையையும் கொன்று நாமும் செத்துவிடலாமா என்ற நினைப்பு வந்தால், அந்த ராத்திரியே 14416க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி-மானஸ் எண் அது, கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எனக்கும் போன் போடுங்கள், பங்குமனைக் கதவையும் தட்டுங்கள்.

“சாமி, நாங்க போன பிறகு இவன யாரு பாப்பா?” உங்களில் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு அதைச் செய்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுக்க வேண்டும். படிவம் நிரப்ப வின்சென்ட் தே பவுல் சபையினர் புதன்கிழமை மாலை பங்குமனையில் இருப்பார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மறைக்கல்வி வகுப்பறை திறந்திருக்கும். இளையோர் இருவர் இருவராகப் பிள்ளைகளோடு இருப்பார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சிறப்பு ஆசிரியை முதலில் சொல்லிக் கொடுப்பார். அந்த இரண்டு மணி நேரம் பெற்றோர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். கோயிலுக்கு வந்து ஜெபமாலை சொல்லத் தேவையில்லை. ராத்திரிச் சாப்பாடு அந்த வீடுகளுக்கு வாரம் ஓர் அன்பியத்திலிருந்து டிபன் கேரியரில் போகும். கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பிவிடுங்கள். உட்கார்ந்து விசாரிக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறிலிருந்து காலை ஏழு மணிப் பூசையில் ஸ்பீக்கர் சத்தம் பாதியாக இருக்கும், மணி அடிக்காது. பக்கவாசல் ஓரம் இரண்டு பெஞ்சு அந்தக் குடும்பங்களுக்கு. வரிசையில் வர முடியாதவர்களுக்கு நற்கருணையை நானே அங்கே கொண்டுவருவேன். இந்தப் பூசையில் யாராவது சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

எழுந்து நிற்போம். விசுவாச அறிக்கை.