நடுவர் சொல்லும் நதிநீரும்

வழக்கு மன்றத்தின் படியேறாமல், இருவர்க்கும் பொதுவான ஒருவர் முன் அமர்ந்து பிணக்கைத் தீர்த்துக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. ஊர் ஆலமரத்தடி அறிந்திருந்ததையே இன்று சட்டக் கல்லூரிகள் பாடமாக வைத்துள்ளன. நம் பெங்களூரிலும் 2007 முதல் உயர்நீதிமன்றத்தின் ஆதரவில் சமரச மையம் ஒன்று நடைபெற்று வருகின்றது. ஆயினும் பழைய ஐயம் ஒன்று தீரவில்லை. நடுவரிடம் செல்வதாக முன்னரே ஒப்பியவர், தீர்ப்புத் தமக்கு மாறானால் அதனை மறுப்பது அறமாகுமா?

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டா. ஜீவனஹள்ளியில் நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது காவிரி.

1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தத்திலேயே, கருத்து வேற்றுமை எழின் நடுவரை நாடும் விதி இருந்தது. கண்ணம்பாடி அணையின் கொள்ளளவு பற்றிப் பிணக்கு மூண்டபோது, அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவராக அமர்ந்தார். 1914-இல் தீர்ப்பு வழங்கினார். இந்திய அரசாங்கமும் அதனை உறுதி செய்தது. ஏற்க மறுத்தது யார்? சென்னை; அதாவது நம் பக்கம். இலண்டன் வரை முறையிட்டு அத்தீர்ப்பைச் செயலற்றதாக்கிற்று. பின்னர் மீண்டும் பேசி, 1924-இல் புதிய ஒப்பந்தம் செய்தனர். நம் மேடைகளில் இப்பகுதியைக் கேட்பது அரிது!

தஞ்சைக் கழனிகளின் பழைய பாசன உரிமையைக் காக்க முனைந்தது குற்றமன்று. நடுவரும் பிழைபடக் கூடும். ஆனால் முறையிட்ட இடம் பொதுவானதா? சென்னையோ இலண்டனின் நேராட்சியில் இருந்தது; மைசூரோ அதற்கு அடங்கிய சமஸ்தானம். ஒருவர் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்துக் கூடினால் மற்றவர் மனம் ஆறுமா? 1924 ஒப்பந்தம் தம்மேல் சுமத்தப்பட்டதென்று கன்னட நாட்டார் இன்றளவும் கூறுவதன் வேர் இதுவே. மறுப்பதற்கு உரிமை உண்டு. இருவர்க்கும் சமமான மன்றத்தில் மட்டுமே உண்டு என்பது நம் துணிபு.

1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-இல் அதன் இடைக்கால ஆணை வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இந்நகரில் தமிழர்தம் உயிரும் உடைமையும் அழிந்தன. அவ்வழக்கில் நமக்கு வாதம் இல்லை. விலையை மட்டும் நாம் கொடுத்தோம். நடுவர் முன் இருப்போர் இருவரே. தீர்ப்பின் கீழ் வாழ்வோரோ பலர். சட்ட மாணவர்க்கு இதனை எப்பாடத்தில் கற்பிக்கின்றனரோ!

2007-இல் இறுதித் தீர்ப்புத் தந்த மன்றம், பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளதெனக் கொண்டு குடிநீர் கணக்கிட்டது. 2018-இல் உச்சநீதிமன்றம் முழு நகரையும் கருதித் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 4.75 இந்நகரின் தாகத்திற்கு. ஊரில் அண்ணன் இழந்ததில் ஒரு பங்கு, இங்கே தம்பி வீட்டுக் குடத்தில் விழுகின்றது. நாம் வென்றவரா, தோற்றவரா?

2003-இல் இரு மாநில உழவரும் கூடிக் 'காவிரிக் குடும்பம்' என்னும் அமைப்பைக் கண்டனர். ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்த்தனர். அங்கே வழக்குரைத்தோர் பயிர் வாடியதைக் கண்ணாரக் கண்டவர்கள். முடிந்த தீர்வு பிறக்கவில்லைதான். எனினும் அத்தகைய அவை மீண்டும் கூடுமாயின், இருமொழியும் பேசும் நம்மவர்க்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கை ஒன்று கிடைத்தாலும் போதும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வோம்.