கள்ளப் பிரதியும் நல்ல மனச்சாட்சியும்



மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டிலிருந்த கணினி பழுதாகிவிட்டது. தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு திருத்தும் கடைக்குப் போகிறார். "ஐயா, விண்டோஸை காசு கொடுத்து வாங்கினா விலை கூட. கொப்பி ஒண்டு போட்டுத் தரட்டா? எல்லாரும் அதைத்தானே போடுறாங்க" என்கிறார் கடைத் தம்பி. தகப்பன் தலையசைக்கிறார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பூசை கண்டு நற்கருணை உட்கொள்கிறார். அவரைக் கள்வர் என்று எவரேனும் சொன்னால் நமக்கே கோபம் வரும். ஏனெனில், நம்மில் எத்தனையோ பேர் அந்தத் தகப்பனைப் போன்றவர்களே.

எனினும், ஏழாம் கட்டளை கணினிக்குள்ளும் செல்லுமா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

"ஒருவனுடைய வலையை எடுத்தால் அவனுக்கு வலை இல்லாமற் போகும், பிரதி எடுத்தால் உரியவனுக்கு என்ன குறைந்தது?" என்று கேட்பர். பாலங்கள் வருமுன் மூதூருக்கு லோஞ்சில் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் லோஞ்ச் போகத்தான் போகிறது. ஆயினும் காசு கொடாமல் ஒளித்துப் போனவன் நேர்மையாக நடந்தான் என்று நாம் சொல்வோமா? அவன் பொருளை எடுக்கவில்லை. உழைத்தவனுக்குரிய கூலியையே எடுத்தான்.

நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்டம் மட்டுமன்று. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991 மே 1ஆம் திகதி வெளியிட்ட 'சென்தேசிமுஸ் அன்னுஸ்' சுற்றுமடலில், நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் திறமையும் நம் காலத்தின் உடைமை என்று எடுத்துரைத்தார். படைப்பின் நன்மைகள் எல்லா மக்களுக்கும் உரியவை என்பதையும் அதே மடல் நினைவூட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ஏழைக்கு வேறு வழி என்ன?" என்ற கேள்வி எஞ்சுகிறது. கடும் தேவையில் உயிர் பிழைக்க எடுப்பவன் களவு செய்தவனல்லன் என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் கற்பித்தார். ஆனால் இங்கு வேறு வழி இருக்கிறது. அந்தச் சுற்றுமடல் வெளிவந்த அதே 1991இல், ஓகஸ்ட் மாதத்தில், பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த முறைமையை உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமத்தின் கீழ் 1992இல் அது வந்தது. அதன் பிரதியை அயல்வீட்டுக்குக் கொடுப்பது களவன்று, பகிர்தல்.

இரண்டையும் நடுநிலையோடு நோக்குவோம். விண்டோஸ் நமக்குப் பழகியது. அலுவலகங்கள் பலவற்றில் இருப்பது. சில அச்சு இயந்திரங்களும் மென்பொருள்களும் அதிலேயே சிக்கலின்றி இயங்கும். ஆனால் 'விண்டோஸ் 10'க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. 'விண்டோஸ் 11' பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. லினக்ஸின் எளிய வகைகளோ பழைய கணினியிலும் ஓடும். கடிதம், கணக்கு, இணையம், யூனிகோட் தமிழ் யாவும் அதில் உண்டு. பழகச் சில வாரம் பிடிக்கும். தெரிந்தவர் ஒருவரின் துணையும் வேண்டும்.

இலவசமானது மட்டமானது என்று எண்ணாதீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி கிண்ணியா, மூதூர்க் கரைகளை அழித்ததை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் இலங்கையின் கணினி வல்லுநர்கள் தொண்டாக ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவு செய்ய 'சஹானா' என்னும் மென்பொருளை உருவாக்கினர். அதைத் திறந்த மூலமாகக் கொடுத்ததால், 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் அது உதவிற்று. நம் துயரத்தில் பிறந்தது பிறர் துயரைத் துடைத்தது.

ஆகவே, விண்டோஸ் உண்மையில் தேவையானால் உரிய விலை கொடுத்து வாங்குவோம். இயலாதாயின், பிறர் மனமுவந்து தந்ததை நன்றியோடு ஏற்போம். ஏற்றதை மற்றவருக்கும் கற்றுக்கொடுப்போம். பங்கு இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் கூடி அயலாரின் பழைய கணினிகளைச் சீர்செய்து கொடுத்தால், அதுவும் அருமையான இரக்கச் செயல் அன்றோ?

"எல்லாரும் செய்கிறார்கள்" என்ற சொல்லைக் கேட்டு நாம் கடையில் தலையசைக்கும்போது, அருகில் நிற்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. கணினிப் பாடத்தை அது பள்ளியில் படிக்கும். இந்தப் பாடத்தை நம்மிடமிருந்தே படிக்கிறது.